எட்டரை அடிக் கதவு

பள்ளி ஆண்டு விழாவுக்கு முதல் நாள். வகுப்பறையிலிருந்து பெரிய மேசை ஒன்றை மேடைக்கு எடுத்துச் செல்லும் வேலை உங்களுக்கு வருகிறது. நாலு பேர் நாலு மூலையில் பிடித்துத் தூக்குகிறீர்கள். வாசல் வரை வந்ததும் மேசை நின்றுவிடுகிறது. வாசலின் அகலம் மூன்றரை அடி, மேசையின் அகலம் நாலடி!

உடனே ஆளுக்கொரு யோசனை. "சாய்த்துப் பிடிடா" என்கிறான் ஒருவன். "காலைக் கழற்றிவிடலாம்" என்கிறாள் இன்னொருத்தி. "சாரிடம் கேட்டு இரட்டைக் கதவைத் திறக்கச் சொல்லலாம்" என்கிறான் மூன்றாமவன். ஓரமாய் நிற்கும் நான்காமவன் மட்டும், "முதலிலேயே கொஞ்சம் சின்னதாகச் செய்திருக்கக் கூடாதா?" என்று அலுத்துக்கொள்கிறான்.

இந்த நான்கு யோசனைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நாம் பார்க்கப் போவது படகுகளை. கடலில் மிதக்கும் படகுகளை அல்ல, தார்ச்சாலையில் போகும் படகுகளை!

அமெரிக்காவில் படகு வைத்திருப்பவர்கள் எல்லாரும் கடற்கரையில் வசிப்பதில்லை. பலர் தங்கள் படகை வீட்டு முற்றத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விடுமுறை வந்தால் அதை டிரெய்லர் என்னும் இழுவண்டியில் ஏற்றி, காரின் பின்னால் பூட்டி, ஏரிக்கோ கடலுக்கோ இழுத்துச் செல்கிறார்கள். அங்கே சாய்தளத்தில் டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னோக்கி இறக்கினால் படகு தானே மிதந்து பிரிந்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? சிக்கல் எங்கே என்றால், வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதவு இருக்கிறது. அதன் அகலம் எட்டரை அடி. அதாவது 102 அங்குலம், ஏறக்குறைய 2.59 மீட்டர்.

இந்தக் கதவைச் செய்தது தச்சர் அல்ல, சட்டம். 1956-ஆம் ஆண்டு அமெரிக்கா தன் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளைக் கட்டத் தொடங்கியபோது, அவற்றில் செல்லும் வண்டிகளின் அகலத்துக்கு 96 அங்குலம், அதாவது சரியாக 8 அடி என்று எல்லை வகுத்தது. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 102 அங்குலமாக உயர்த்தியது. ஹவாய் மாநிலத்துக்கு மட்டும் 108 அங்குலம். கடல் நடுவே இருக்கும் தீவுகளுக்கு மற்ற மாநிலங்களிலிருந்து எந்த லாரியும் ஓடி வரப் போவதில்லையே!

இந்த எண்கள் சரக்கு வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சொந்தப் படகை இழுத்துச் செல்பவருக்கு விதி செய்வது அந்தந்த மாநிலம். ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் அதே எட்டரை அடியையே எடுத்துக்கொண்டன. அளக்கும்போது படகின் மிக அகன்ற இடத்தில் அளக்க வேண்டும். பக்கவாட்டில் உரசாமலிருக்கப் பொருத்தும் ரப்பர்ப் பட்டையும் கணக்கில் சேரும். இழுக்கும் வண்டியின் பக்கக் கண்ணாடிகள் மட்டும் சேராது. பின்னால் வருவதைப் பார்க்கத்தானே அவை இருக்கின்றன! அகலமான படகை இழுப்பவருக்கு அவை இன்னும் வெளியே நீண்டிருந்தால்தான் நல்லது.

சரி, ஏன் எட்டரை அடி? ஒன்பதோ பத்தோ இருந்தால் என்ன கெட்டுவிடும்? இங்கேதான் நம் கணக்குப் பாடம் உதவிக்கு வருகிறது.

அந்தப் பெருஞ்சாலைகளில் ஒரு வண்டி செல்வதற்கான தடத்தின் அகலம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். எட்டரை அடி வண்டி நடுவாகச் சென்றால் இரு பக்கமும் 53 சென்டிமீட்டர் மிஞ்சும். பத்தடிப் படகு சென்றால் மிஞ்சுவது 30 சென்டிமீட்டர்தான். "முப்பது போதுமே" என்று சொல்லத் தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள். டிரெய்லர் தண்டவாளத்தில் ஓடுவதில்லை. பக்கக் காற்று அடித்தால், பெரிய லாரி ஒன்று தாண்டிச் சென்றால், அது வால் ஆட்டுவதுபோல் சற்று ஆடும். இணைப்பிலிருந்து 6 மீட்டர் பின்னால் இருக்கும் ஒரு புள்ளி, டிரெய்லர் வெறும் 2 பாகை திரும்பினாலே 21 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். (6 மீட்டரை டேன்ஜென்ட் 2 பாகையால் பெருக்கிப் பாருங்கள்.) முப்பதில் இருபத்தொன்று போனால் மிச்சம் ஒன்பது. பக்கத்துத் தடத்தில் வருபவரும் அதேபோல் ஒரு படகை இழுத்து வந்தால்?

நேர்ச்சாலையின் கதை இது. வளைவில் நிலைமை இன்னும் மோசம். மழை பெய்து ஓய்ந்தபின், ஈரமான சக்கரங்களோடு ஒரு சைக்கிளை உலர்ந்த சிமெண்டுத் தரையில் வட்டமாக உருட்டிப் பாருங்கள். இரண்டு தடங்கள் தெரியும். பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே போகாது. வட்டத்தின் உட்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். டிரெய்லரும் அப்படித்தான். காரின் இணைப்புக் குண்டு 12 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து டிரெய்லரின் அச்சு 6 மீட்டர் தள்ளி இருக்கிறது. திருப்பம் நீடித்தால் டிரெய்லரின் தண்டு, அச்சு செல்லும் வட்டத்துக்குத் தொடுகோடாக அமையும். ஆரமும் தொடுகோடும் செங்கோணத்தில் சந்திக்கும் அல்லவா? அப்படியானால் 12 மீட்டர் கர்ணம், 6 மீட்டர் ஒரு பக்கம். மீதிப் பக்கம் என்ன? 144-இல் 36 போனால் 108. அதன் வர்க்கமூலம் 10.4. அதாவது டிரெய்லரின் அச்சு 1.6 மீட்டர் உள்ளே தள்ளி ஓடும்! பிதாகரஸ் தேற்றத்தை மறந்த ஓட்டுநர், தெருமுனையிலுள்ள விளக்குக் கம்பத்தின் மீது மோதித்தான் அதை நினைவுபடுத்திக்கொள்வார். படகு எவ்வளவு அகலமோ, அந்தக் கம்பத்துக்கு அவ்வளவு நெருக்கம்.

ஆக, சாலை ஒடுக்கமான படகைக் கேட்கிறது. ஆனால் தண்ணீர்?

தண்ணீர் நேர்மாறாகக் கேட்கிறது. படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் அதிகமாக அமிழும், மறுபக்கம் மேலெழும். அமிழ்ந்த பக்கத்தில் மிதப்பு விசை கூடும். அந்த விசை படகை மீண்டும் நிமிர்த்தும். விசை நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிச் செயல்படுகிறதோ அவ்வளவு திருப்புத்திறன். அகலம் கூடினால் அமிழும் பகுதி பெரிதாகிறது, அதன் ஆழமும் கூடுகிறது, அது நடுக்கோட்டிலிருந்து தள்ளியும் போகிறது. ஒரே மாற்றத்துக்கு மூன்று மடங்குப் பலன்! அதனால்தான் வடிவத்தால் வரும் இந்த நிமிர்த்தும் திறன், அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. 8 அடி அகலப் படகை அதே நீளத்தில் 10 அடியாக்கினால் அகலம் கால் பங்குதான் கூடியது. ஆனால் 1.25-இன் மும்மடி 1.95. நிமிர்த்தும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது.

கடலில் உயிர் காப்பது அகலம். சாலையில் உயிர் வாங்கக் கூடியதும் அதே அகலம். படகு வரைபவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆண்டு விழா மேசைக்குச் சொன்ன நான்கு யோசனைகளையும் அவர்கள் கையாண்டார்கள்!

முதலில், ஓரமாய் நின்று அலுத்துக்கொண்டானே, அவனுடைய யோசனை. படகையே கதவுக்கு ஏற்றபடி செய்துவிடுவது. அமெரிக்காவில் 1970-களில் வந்த கேட்டலினா 25 என்ற பாய்மரப் படகின் அகலம் சரியாக 8 அடி. அதன் இடத்தில் 1990-களில் வந்த கேட்டலினா 250-இன் அகலம் சரியாக எட்டரை அடி. நடுவில் என்ன நடந்தது? கடலோ காற்றோ மாறவில்லை. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது, அவ்வளவுதான்! கடற்கரையில் ஏற்றி நிறுத்தும் ஹோபி 16 என்ற இரட்டை உடல் படகைப் பாருங்கள். 1970-ஐ ஒட்டி வந்தது. அகலம் 7 அடி 11 அங்குலம். பழைய எல்லைக்கு ஓர் அங்குலம் குறைவு. தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இரட்டை உடல் படகை ஆங்கிலத்தில் கேட்டமரன் என்கிறார்கள். நம் கட்டுமரம் என்ற சொல்தான் கடல் கடந்து போய் அப்படி ஆகியிருக்கிறது. சொல் நம்முடையது, பொருள் மாறிவிட்டது. நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல்கள் கிடையாது. மரத்துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவது அது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலரப் போடுவது சோழமண்டலக் கரை மீனவர்களின் வழக்கம். இப்படிப்பட்ட படகுக்கு எந்தக் கதவும் ஒரு தடையாகாது.

"காலைக் கழற்றலாம்" என்ற யோசனைக்கு இது மிகப் பழைய உதாரணம். புதிய உதாரணம் வேண்டுமானால் இயன் ஃபாரியர் என்ற நியூசிலாந்துக்காரரைச் சொல்ல வேண்டும். நடுவில் ஓர் உடல், இரு பக்கமும் இரண்டு சிறிய மிதவைகள் என்று மூன்று உடல் கொண்ட படகுகளை வரைந்தவர் அவர். அவற்றை டிரைமரன் என்பார்கள். 1980-களில் கலிபோர்னியாவில் கட்டப்பட்ட அவருடைய எஃப் 27 படகு கடலில் 19 அடி 1 அங்குலம் அகலம் கொண்டது. எட்டரை அடிக் கதவுக்குள் அது எப்படி நுழையும்? மிதவைகளைத் தாங்கும் கைகளில் கீல்கள் உண்டு. கீழே துணைக் கம்பிகள் உண்டு. நாலு பக்கமும் கீலிட்ட இணைகரச் சட்டத்தை அமுக்கினால் அது மடங்குமே, கிட்டத்தட்ட அதுபோல், மிதவைகள் தலைகீழாகப் புரளாமல் கீழிறங்கி நடு உடலோடு ஒட்டிக்கொள்ளும். மடித்தபின் அகலம் 8 அடி 5 அங்குலம்! இந்த மடிப்பைத் தண்ணீரிலேயே செய்துகொண்டு டிரெய்லரில் ஏறலாம். சட்டம் விட்ட இடத்தில் ஓர் அங்குலத்தை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார் பாருங்கள்.

அடுத்தது சாய்த்துப் பிடிப்பது. டொர்னாடோ என்ற இரட்டை உடல் பந்தயப் படகு 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக் போட்டிகளில் ஓடியது. அதன் அகலம் ஏறக்குறைய பத்தடி. சிலர் அதைக் கழற்றிக் கட்டி எடுத்துச் செல்வார்கள். அமெரிக்காவில் பலர் டிரெய்லரிலேயே ஒரு சாய்ந்த சட்டம் அமைத்து, படகை ஒருக்களித்துப் படுக்கவைத்து இழுத்துச் சென்றார்கள்.

சாய்த்தால் அகலம் குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 3 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொஞ்சமாகச் சாய்த்தால் அகலம் குறைவதற்குப் பதில் கூடுகிறது! உயரமும் சாய்ந்து பக்கவாட்டில் இடம் பிடிப்பதே காரணம். 18 பாகை சாய்வில் அகலம் 3.16 மீட்டர் ஆகிவிடும். 30 பாகையில் 3.10. 45 பாகையில் 2.83. இன்னும் எல்லைக்குள் வரவில்லை. 55 பாகை சாய்த்த பிறகுதான் 2.54 மீட்டராகிச் சட்டத்துக்குள் வருகிறது. மேசையைச் சற்றே சாய்த்துப் பார்த்துவிட்டு "போகாது" என்று கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். இன்னும் சாய்த்திருந்தால் போயிருக்கும்!

ஆனால் சாய்த்தால் உயரம் கூடும். அந்த 55 பாகை சாய்வில் நம் பெட்டியின் உயரம் 3 மீட்டரைத் தாண்டிவிடும். டிரெய்லரின் உயரத்தையும் சேர்த்தால் 3.6 மீட்டர் ஆகலாம். உயரத்துக்கும் ஒரு கதவு உண்டு. பல மாநிலங்களில் அது 13 அடி 6 அங்குலம், அதாவது 4.11 மீட்டர். பாலங்களுக்கு அடியில் போகும்போது இதை மறந்தவர்களின் படகு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மடிக்கவும் முடியாது, சாய்க்கவும் முடியாது, படகு பத்தடி அகலம் என்றால்? கடைசி வழி, சாரிடம் கேட்பது. சட்டம் முரட்டுத்தனமாக "கூடாது" என்று சொல்லிவிடுவதில்லை. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். ஒரு படகை அறுத்து இரண்டாக்கி இரண்டு நடையில் கொண்டு போக முடியுமா? முடியாது. பிரிக்க முடியாத சுமை என்ற கருத்து இதிலிருந்து பிறந்தது. அளவை மீறிய நீளத்துக்கும் எடைக்கும் அமெரிக்கக் கூட்டரசு விதி மூன்று சோதனைகளை வைக்கிறது. பிரித்தால் அந்தப் பொருள் தன் வேலைக்கு உதவாமல் போகுமா? அதன் மதிப்பு அழியுமா? தக்க கருவிகளோடு பிரிப்பதற்கே எட்டு வேலை மணிக்கு மேல் ஆகுமா? இவற்றுள் ஒன்றுக்காவது "ஆம்" என்றால் அது பிரிக்க முடியாத சுமை. வைக்கோல் ஏற்றியவன் அளவை மீறினால் "இறக்கிப் பாதியாக்கு" என்று சொல்லலாம். படகுக்காரனிடம் அப்படிச் சொல்ல முடியாது. நியாயமான சோதனை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் சீட்டு ஒன்று போதாது. சாலைகளை நிர்வகிப்பவை மாநிலங்கள். டெட்ராயிட் நகரிலிருந்து புளோரிடாவுக்கு 75-ஆம் எண் பெருஞ்சாலையில் பத்தடிப் படகை இழுக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மிசிகன், ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி, ஜார்ஜியா, புளோரிடா என்று ஆறு மாநிலங்கள். எனவே ஆறு அனுமதிகள். எந்த வழியாக, எந்த நாளில் என்றெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்ன வழியை விட்டு, "இந்தப் பக்கம் குறுக்கு வழி" என்று திரும்பினால் கையிலுள்ள சீட்டு வெறும் காகிதம். பொதுவாகப் பகல் வெளிச்சத்தில்தான் போகலாம். மிக அகன்ற இடங்களில் சிவப்புக் கொடி கட்ட வேண்டும். முன்னும் பின்னும் மஞ்சள் நிறப் பலகையில் கறுப்பு எழுத்தில் "அளவு மீறிய சுமை" என்று எழுதியிருக்க வேண்டும். அகலம் 12 அடியைத் தாண்டினால் பல மாநிலங்களில் வழித்துணை வண்டி ஒன்றும் கூடவே வர வேண்டும். தடத்தின் அகலமே 12 அடி என்று சொன்னேன் அல்லவா? அதைத் தாண்டிய படகு இனித் தன் தடத்துக்குள் அடங்காது. எதிரே வருபவரை எச்சரிக்க ஓர் ஆள் தேவைதானே!

பிரிட்டனில் கதவு வேறு மாதிரி. அங்கே டிரெய்லரின் அகலம் 2.55 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதன் மேலுள்ள படகு இரு பக்கமும் 30.5 சென்டிமீட்டர் வரை வெளியே நீண்டிருக்கலாம். ஆனால் மொத்த அகலம் 2.9 மீட்டரைத் தாண்டினால் வழியிலுள்ள காவல் துறைக்கு இரண்டு வேலை நாள்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். 3.5 மீட்டரையும் தாண்டினால் ஓட்டுநரோடு இன்னோர் ஆளும் இருக்க வேண்டும்.

அகலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எடை கோபித்துக்கொள்ளும். ஒரு படகின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அகலமான படகு பெரும்பாலும் கனமான படகுதான். டிரெய்லரும் சுமையும் சேர்ந்து 3000 பவுண்டு, அதாவது 1360 கிலோகிராமைத் தாண்டினால் டிரெய்லருக்கும் தனியாக பிரேக் வேண்டும் என்பது பல மாநிலங்களின் விதி. சில மாநிலங்களில் இன்னும் குறைந்த எடைக்கே வேண்டும். காரின் பிரேக் காரை நிறுத்தும்; பின்னால் இன்னொரு காரின் எடையுள்ள பொருள் "நான் நிற்க மாட்டேன்" என்று முதுகில் தள்ளினால் என்ன செய்யும்?

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுபவரைப் பார்த்தவர்களுக்கு அடுத்த செய்தி எளிதில் விளங்கும். முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றுவார். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரிலும் ஈர்ப்பு மையம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு இணைப்புக் குண்டின் மேல் அழுத்தினால் நல்லது என்பார்கள். 2000 கிலோகிராம் சுமை, இணைப்பிலிருந்து அச்சு 6 மீட்டர். குண்டின் மேல் 200 கிலோகிராம் விழ வேண்டுமானால் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். நெம்புகோல் விதிதான், வேறொன்றுமில்லை. படகின் இயந்திரம் பின்புறத்தில் இருப்பதால் கவனமின்றி ஏற்றினால் பின்பாரமாகிவிடும். பின்பார டிரெய்லர் வேகம் கூடக்கூட வால் ஆட்டத் தொடங்கும். அந்த 2 பாகை ஆட்டம் 5 பாகையாகலாம், 10 ஆகலாம். காரையே புரட்டியும் விடலாம்.

இணைப்பு கழன்றுவிட்டால்? அதற்காகவே காருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள். அவற்றை நேராக மாட்டாமல், தண்டுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறிபோல் மாட்டுவார்கள். இணைப்பு விட்டுப்போனால் கீழே விழும் தண்டை அந்தச் சங்கிலிகள் தொட்டில்போல் ஏந்திக்கொள்ளும். தண்டு சாலையில் குத்தி, டிரெய்லர் குட்டிக்கரணம் போடாமல் தடுப்பது இந்தத் தொட்டில்தான்.

உங்களுக்கு ஒரு வேலை. ஒரு தீப்பெட்டியை எடுத்து, சுவரோடு ஒட்டிய வரைபடத் தாளின் முன் பிடித்து, 10 பாகைக்கு ஒருமுறை சாய்த்து, அது பிடிக்கும் அகலத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். கிடைமட்ட அச்சில் சாய்வு, செங்குத்து அச்சில் அகலம் என்று வரைந்தால், முதலில் மேலே ஏறிப் பிறகு இறங்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். உச்சி எந்தப் பாகையில் வருகிறது? அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட், பெட்டியின் உயரத்தை அகலத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்குச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு செங்கல்லை வைத்தும் செய்து பாருங்கள்.